ஏடுகளின் அணியெழுத்து



அச்சிட்ட நூல்கள் சிலவற்றிலே அத்தியாயத்தின் தொடக்கத்தில் நிற்கும் முதல் எழுத்து மற்றை எழுத்துகளினும் பெரிதாய், இரண்டு மூன்று வரிகளின் ஆழத்துக்கு இறங்கி, கொடியும் பூவும் சூழ அமைந்திருத்தலைக் கண்டிருப்பீர்கள். நம் இலக்கண நூலார் உயிரும் மெய்யுமாகிய முப்பதையும் முதலெழுத்து என்பர். யாம் இன்று பேசப்புகும் எழுத்து அதுவன்று. ஏட்டின் முகப்பில் அணிகலன் பூண்டு நிற்கும் எழுத்து. அதனை அணியெழுத்து எனக் குறிப்போம்.

இவ்வெழுத்து அழகுக்காக மட்டும் தோன்றியதென்று பலர் எண்ணுவர். அதன் வரலாறு அவ்வாறு கூறவில்லை. பண்டை உரோமர் தம் நூல்களைச் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாது எழுதினர். நிறுத்தக்குறிகள் அருமை, பக்க எண் இல்லை, பொருளடக்கம் இல்லை. அத்தகைய எழுத்துக் காட்டினுள்ளே ஒரு பகுதி எங்கே முடிகின்றது, மற்றொன்று எங்கே தொடங்குகின்றது என்று கண்டுகொள்ள வாசகனுக்கு ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. பெரிதாக்கிய எழுத்து அந்த அடையாளமாயிற்று. அது முதலில் வழிகாட்டி, பின்னரே அணிகலன்.

ஆயினும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று நம்மை வியக்க வைக்கின்றது. வேர்ஜில் என்னும் இலத்தீன் மகாகவியின் பாடல்களைத் தாங்கிய பழைய தோலேடு ஒன்றின் 7 இதழ்கள் இன்று எஞ்சியுள்ளன. நான்கு வத்திக்கானிலும் மூன்று பேர்லினிலும் பாதுகாக்கப்படுகின்றன. ஏறத்தாழ 5ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டுக்குரிய அவ்வேட்டிலே ஒவ்வொரு பக்கத்தின் முதல் எழுத்தும் பெரிதாக்கப்பட்டு, வண்ணக்கோலம் தீட்டப்பட்டுள்ளது. பாட்டு அங்கே தொடங்குகின்றதா, இடைநடுவில் நிற்கின்றதா என்பதை எழுதியவர் பொருட்படுத்தவில்லை. பக்கம் தொடங்கினால் எழுத்தும் பெரிதாகும், அவ்வளவே. அணியெழுத்து பொருளோடு இணைய வேண்டும் என்ற உணர்வு அவ்வேட்டில் இன்னும் பிறக்கவில்லை.

அவ்வுணர்வு முதிர்ந்த இடங்களுள் முதன்மையானது அயர்லாந்து. டப்ளின் நகரத்து றோயல் ஐரிஷ் அக்கடமியிலே 'கதாக்' என்ற பெயருடைய சங்கீத ஏடு ஒன்று உள்ளது. 6ஆம் நூற்றாண்டின் இறுதி, அல்லது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம் அதன் காலம் என்பர். இங்கே ஒவ்வொரு சங்கீதமும் ஒரு பெரிய எழுத்தோடு தொடங்குகின்றது. அதற்கடுத்த எழுத்து சற்றுச் சிறிது. அதற்கடுத்தது இன்னுஞ் சிறிது. இவ்வாறு படிப்படியாகக் குறைந்து, வரியின் அளவோடு கலந்துவிடுகின்றன. பெரிய கோபுரத்தினின்று இறங்கிச் சமநிலத்தில் நடப்பவரைப் போல, வாசகனின் கண் இடறாது உள்ளே செல்கின்றது.

இவ்வேட்டைச் சார்ந்து ஒரு மரபுக்கதை வழங்குகின்றது. புனித கொலும்பா என்னும் துறவி, தம் ஆசிரியரான பின்னியனின் ஏட்டை அவரறியாது இரவிலே படியெடுத்தாராம். வழக்கு மன்னன் டியர்மட்டிடம் சென்றது. பசுவுக்கு உரியவனுக்கே கன்றும் உரியது போல, மூல ஏட்டுக்கு உரியவருக்கே படியும் உரியது என்று மன்னன் தீர்ப்பளித்தானாம். அதனாற் போர் மூண்டதென்றும், பின்னர் கொலும்பா நாடு துறந்தாரென்றும் கதை முடிகின்றது. கொலும்பா 563இல் அயோனாத் தீவில் மடம் நிறுவியமை வரலாறு; படியெடுத்த கதை மரபு. தீர்ப்பின் நயம் ஒன்றுண்டு: அக்காலத்து ஏடு எழுதப்பட்டதும் கன்றின் தோலிலேயே. 'கதாக்' என்ற சொல்லுக்குப் போரிடுவது என்று பொருள். பிற்காலத்தில் ஓடொனல் குடியினர் அதனைப் பேழையில் வைத்துப் போர்க்களத்துக்கு எடுத்துச் சென்றனர்.

அயோனாவின் வழிவந்த துறவிகளே வட இங்கிலாந்தின் லின்டிஸ்பாண் தீவிலும் மடம் அமைத்தனர். அம்மடத்தின் ஆயராய் 698 முதல் 721 வரை விளங்கிய ஈட்பிரித் என்பவரே லின்டிஸ்பாண் நற்செய்தி ஏட்டை எழுதினார் என்று 10ஆம் நூற்றாண்டிலே அவ்வேட்டில் எழுதப்பெற்ற குறிப்பொன்று கூறுகின்றது. அங்கே தொடக்க எழுத்து பக்கத்தின் பெரும்பகுதியை நிறைத்து நிற்கும். ஏறத்தாழ 800இல் எழுந்த கெல்ஸ் ஏடோ இதனையும் விஞ்சியது. டப்ளின் திரினிற்றிக் கல்லூரியில் உள்ள அந்நூலில், கிறிஸ்துவின் திருநாமத்தைக் குறிக்கும் கிரேக்க எழுத்துகள் ஒரு முழுப் பக்கத்தையும் தமதாக்கிக் கொண்டன. சுழிகளும் பின்னல்களும் நெருங்கிய அப்பக்கத்தின் அடியிலே பூனைகளும் எலிகளும், மீனைக் கவ்விய நீர்நாயும் இருத்தலை உற்றுநோக்குவோர் காண்பர். படிப்பதற்கென எழுந்த எழுத்து அங்கே வணங்குவதற்குரிய உருவமாக மாறிவிட்டது.

8ஆம் நூற்றாண்டிலே மற்றொரு புதுமை தோன்றியது. எழுத்தின் வயிற்றினுள்ளே மனித உருவங்களை அமைத்துக் கதை சொல்லத் தொடங்கினர். பின்வந்த நூற்றாண்டுகளில் இது பெருங்கலையாயிற்று, தொழிலும் பிரிந்தது. எழுதுவோன் வரிகளை எழுதி, தொடக்க எழுத்துக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு, அங்கே எவ்வெழுத்து வரவேண்டும் என்பதை ஓரத்தில் நுண்ணிதாய்க் குறித்து வைப்பான். செம்மை தீட்டுவோன் சிவப்பு எழுத்துகளை இடுவான். ஓவியனோ பொன் ரேக்கு ஒட்டி, நாயின் பல்லால் தேய்த்து மெருகேற்றுவான். உயர்ந்த நீலம் ஆப்கானிஸ்தானத்துப் படக்சான் மலையில் அகழ்ந்த கல்லினின்று வந்தது. சிவப்புக்கு உதவிய ஈயச் செந்தூரத்தை இலத்தீனில் 'மினியம்' என்பர். இன்று நுண்ணோவியத்தைக் குறிக்க ஐரோப்பியர் வழங்கும் 'மினியேச்சர்' என்ற சொல், சிறுமையைக் குறிக்கும் சொல்லிற் பிறந்ததன்று. இந்தச் செந்தூரத்திற் பிறந்தது.

15ஆம் நூற்றாண்டின் நடுவில் யேர்மனியின் மைன்ஸ் நகரிலே அச்சுக்கலை எழுந்தது. யோகான் கூட்டன்பேர்க் ஏறத்தாழ 1455இல் தமது விவிலியத்தை அச்சிட்டு முடித்தார். தொடக்கப் பக்கங்கள் சிலவற்றில் சிவப்புத் தலைப்புகளையும் அச்சிட முயன்றார். அது கடினமானமையால் விரைவிற் கைவிட்டார். அணியெழுத்துகளுக்கோ இடம் விட்டதோடு அமைந்தார். நூலை வாங்கியோரே கைவினைஞரைக் கொண்டு அவற்றைத் தீட்டுவித்தனர். இவ்வாறு தீட்டியோருள் ஒருவர் மைன்ஸ் நகரத்து ஆலயப் பணியாளராகிய கைன்றிக் கிறேமர். தாம் ஒரு படியைத் தீட்டிக் கட்டமைத்து முடித்ததை 1456 ஆகத்து மாத நாள்களோடு அவர் குறித்து வைத்தார். கூட்டன்பேர்க்கின் விவிலியத்திலே அச்சிட்ட ஆண்டு எங்கும் இல்லை. அந்நூல் 1456 ஆகத்துக்கு முன் முடிந்ததென்று உலகம் உறுதியாய்க் கூறுவதற்கு, செந்தூரம் தோய்ந்த கையொன்று எழுதிய அக்குறிப்பே ஆதாரம்.

இதற்கிடையில் கடன் கொடுத்த யோகான் பூஸ்ட் கூட்டன்பேர்க்கின் மீது வழக்குத் தொடுத்து 1455இல் வென்றார். பூஸ்டோடு சேர்ந்து தொழில் நடத்தியவர் பீற்றர் ஷோபர். இவர் முன்னர் பாரிசிலே ஏடு எழுதியவர். ஆதலால் அணியெழுத்து இல்லாத பக்கம் குறையுடைய பக்கம் என்பதை நன்கறிந்தவர். 1457 ஆகத்து 14ஆம் நாள் இவ்விருவரும் வெளியிட்ட சங்கீத நூலிலே சிவப்பும் நீலமுமாகிய அணியெழுத்துகள் கையால் தீட்டப்படாது அச்சிலேயே வந்தன. எழுத்துக்கு ஒரு துண்டும் சுற்றுக்கோலத்துக்கு ஒரு துண்டுமாக உலோக அச்சை இரண்டாய்ச் செய்து, தனித்தனியே மை பூசி, ஒன்றாய்ப் பொருத்தி அழுத்தினர் என்று அச்சியல் அறிஞர் கருதுவர். பேனாவின் துணையின்றிப் பிறந்த நூல் இது என்று அதன் இறுதிக் குறிப்புப் பெருமிதத்தோடு கூறுகின்றது. அச்சிட்ட நாளைத் தாங்கிய முதல் ஐரோப்பிய நூலும் அதுவே.

எனினும் அவ்வழியைப் பிறர் பின்பற்றவில்லை. உழைப்பும் செலவும் மிகுதி. 15ஆம் நூற்றாண்டின் அச்சு நூல்கள் பலவற்றை இன்று விரித்தால், அத்தியாயத் தலைப்பிலே வெறுஞ் சதுரங்கள் நம்மை நோக்குகின்றன. நடுவே சிற்றெழுத்து ஒன்று தனித்து நிற்கின்றது. தீட்டுவோனுக்காகக் காத்திருந்த இடம் அது. வாங்கியவரிடம் பொருளில்லையோ, மனமில்லையோ, தீட்டுவோன் வரவேயில்லை. ஒரு கைத்தொழில் மறைந்தமையை இவ்வெற்றுச் சதுரங்களைப் போல வேறெதுவும் உணர்த்தமாட்டாது.

இச்சிக்கலுக்கு எளிய தீர்வு கண்டோருள் ஒருவர் வெனிசு நகரில் தொழில் நடத்திய ஏர்காட் இராட்டோல்ட். மரத்திலே செதுக்கிய அணியெழுத்தை அச்செழுத்துகளோடு ஒரே உயரத்தில் அமைத்தால், ஒரே அழுத்தில் இரண்டும் பதியும். வண்ணம் போயிற்று; கருமையின் நடுவே வெண்கொடி படர்ந்தது. 1482இல் அவர் அச்சேற்றிய இயூக்கிளிட்டின் கேத்திரகணிதம் இவ்வழகுக்குச் சான்று. பின்னர் பாசல் நகரிலே, ஓவியர் ஹொல்பைன் வரைந்த மரண நெடுங்கணக்கு தோன்றியது. அதன் 24 எழுத்துகளுள் பெரும்பாலானவற்றில் எலும்புருவாகிய சாவு உயர்ந்தோரையும் எளியோரையும் ஒருங்கே கைப்பற்றுகின்றது.

செதுக்கிய கட்டை தேயும்வரை உழைக்கும்; ஆதலால் ஒரு நூலுக்குச் செய்ததை மற்றொரு நூலுக்கும் எடுத்தாண்டனர். அதனால் விபரீதங்களும் விளைந்தன. 1572இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஆயர் விவிலியப் பதிப்பிலே, எபிரேயருக்கு எழுதிய திருமுகத்தின் தொடக்க எழுத்தினுள் லீடா என்னும் பெண்ணும், அன்ன வடிவெடுத்து அவளை நாடிவந்த கிரேக்கத் தேவனும் காட்சி தந்தனர். ஒவிட் என்ற உரோமக் கவியின் புராணக் கதைகளுக்கென வெட்டிய கட்டை அது. பொருளோடு உறவறுந்த அணி எந்நிலைக்கு இறங்கும் என்பதற்கு இதனினும் எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

காலப்போக்கில் நடுவே துளையுள்ள அணிச்சட்டம் ஒன்றைச் செய்து, வேண்டிய எழுத்தை அத்துளையிற் செருகி அச்சிடும் வழக்கமும் வந்தது. 18ஆம் நூற்றாண்டிலோ பாஸ்கவில், பொடோனி முதலியோர் அணி குறைந்த தூய பக்கத்தையே விரும்பினர். மறுமலர்ச்சி தந்தவர் வில்லியம் மொறிஸ். 1891இல் இலண்டன் ஹமர்சிமித்தில் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தை நிறுவி, அணியெழுத்துகளைத் தாமே வரைந்தார். 1896இல் வெளியிட்ட சோசர் கவியின் நூற்றொகுதி அவ்வச்சகத்தின் மணிமுடி; தாளில் அச்சான படிகள் 425 மட்டுமே. அவ்வாண்டிலேயே மொறிஸ் காலமானார். உழைப்போனுக்கு இன்பந் தரும் வேலையே மக்களுக்கு அழகு தரும் என்று அவர் நம்பினார். ஆனால் அந்நூலை வாங்கும் வசதி உழைப்போனுக்கு இருக்கவில்லை.

இன்று அந்த வசதி யாவர்க்கும் உண்டு. கணனியின் சொல்முறை வழிப்படுத்தும் செயலியிலே ஒரு கட்டளை இட்டால், பந்தியின் முதல் எழுத்து மூன்று வரி ஆழத்துக்கு இறங்கி நிற்கும். விரும்பினால் ஓரத்துக்கு ஒதுங்கியும் நிற்கும். பொன்னும் செந்தூரமும் வேண்டா. முற்காலத்தில் செலவே அளவைக் காத்தது. இன்று எழுதுவோரின் மதிநுட்பமே அதனைக் காக்க வேண்டும். பழைய ஏடுகள் அதற்கு வழி காட்டுகின்றன. பெரும் பகுதியின் தொடக்கத்தில் மட்டும் அணியெழுத்தை இடுக. பந்திதோறும் இட்டால் வழிகாட்டி ஒன்றும் வழி காட்டாது. எழுத்தின் அடி, அது இறங்கிய கடைசி வரியின் அடியோடு ஒன்றுக. அடுத்துவரும் எழுத்துகள் அதனை விட்டு அகலாதிருக்க. கதாக் ஏட்டை எழுதியவர் கண்ட நுட்பம் இதுவே.

தமிழ் ஏடுகளில் இம்மரபு வளர்ந்திலது. காரணம் தெளிவு. இலத்தீன் போல் நம் நெடுங்கணக்கிலே பேரெழுத்து, சிற்றெழுத்து என்ற பிரிவில்லை. நீண்டு ஒடுங்கிய ஓலையிலே, பல வரி ஆழத்துக்கு இறங்கும் எழுத்துக்கு இடமும் இல்லை. நம்மவர் பிள்ளையார் சுழியிட்டுத் தொடங்கினர். செய்யுளை அதன் முதற்குறிப்பால் நினைவிற் கொண்டனர். சங்கீதங்களை முதற் சொற்களாற் குறித்த இலத்தீன் துறவியரும், செய்யுள் முதற்குறிப்பு அகராதி தொகுத்த நம் பதிப்பாசிரியரும் இவ்வகையில் ஒரே நோக்கினர்: தொடக்கத்தை அறிந்தவன் முழுவதையும் அறிவான்.

தமிழைக் கணனியில் எழுதுவோர்க்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. 'கொ' என்பது நமக்கு ஓரெழுத்து. கண்ணுக்கோ கொம்பு, ககரம், அரவு என மூன்று உருவம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கொம்பையே முதலில் தட்டினோம். ஆதலால் முதற் குறியை மட்டும் பெரிதாக்கினால் கொம்பு தனியே வளர்ந்து நிற்கும். ஒருங்குறியிலோ ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னுமாய்ச் சேமிக்கப்படுகின்றன. அங்கும் முதற் குறியை மட்டும் பிரித்தால் எழுத்து உடையும். 'தீ' மேலே உயர்வதும் 'மூ' கீழே இறங்குவதும் இலத்தீன் பேரெழுத்துகள் அறியாத இயல்பு. அவற்றுக்கு இடம் விடுதல் வேண்டும். எது ஓரெழுத்து என்பதைப் பொறிக்குக் கற்பிக்க வேண்டியவர் தமிழரே.

அன்பர்களே, அணியெழுத்தின் வரலாறு ஒரு சிறு சதுரத்தின் வரலாறு. அச்சதுரத்தில் துறவி தன் பக்தியை வைத்தான். கைவினைஞன் தன் உழைப்பை வைத்தான். வறியவன் வெறுமையை வைத்தான். இன்று அது எளிதில் நம் கைக்கு வந்துள்ளது. படிப்பவரை வாசலில் நின்று வரவேற்பதற்கென அதனை இடுவோமாயின், அது இன்றும் பொருளுடையதாகும்.