உடல்திறனும் தன்மதிப்பும் (சிறுவர்)

ஓட, தாவ, எறிய, பிடிக்க ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வருகிறது என்பதும் அதன் உடல்தெம்பும், அது தன்னைப் பற்றி வைத்திருக்கும் எண்ணத்தோடு பிணைந்தவை. உளவியலாளர் சூசன் ஹார்ட்டர் 1985-இல் வெளியிட்ட சிறுவர் தன்மதிப்பு அளவுகோலில் விளையாட்டுத் திறனுக்குத் தனிப் பிரிவே உண்டு. சின்னஞ்சிறு வயதில் பிள்ளைகள் தங்கள் திறனைக் கூட்டியே மதிப்பார்கள். 8, 9 வயதில் மற்ற பிள்ளைகளோடு ஒப்பீடு தொடங்கும். பந்தைத் தவறவிட்ட பிள்ளை அப்போதுதான் ஓரமாய் ஒதுங்குகிறது. ஆடாததால் திறன் இன்னும் குறைகிறது. பெரியவர்கள் கூடவே நிற்கவேண்டிய வயது இது. ஆடுவதற்கு ஏற்ற சூழலும் வேண்டும். சென்னையின் கொடுங்கையூரில் 340 ஏக்கருக்கு மேல் பரந்த குப்பைமேட்டின் புகை, ஓடியாடும் பிள்ளைகளின் மூச்சை அடைக்கிறது. பக்கத்து வியாசர்பாடியோ கால்பந்தால் 'குட்டி பிரேசில்' எனப் பெயர் பெற்றது. அங்கே பந்தை நிறுத்தப் பழகும் சிறுமி, உள்ளங்காலடியில் அது அடங்கியதும் நிமிர்ந்து சுற்றிலும் பார்க்கிறாள்.