ஆதிச்சநல்லூர்ப் புதைமேடு: பொருளும் தாழியும்

தாமிரபரணியின் தென்கரையில் 114 ஏக்கர் பரப்பில் விரிந்துள்ள ஆதிச்சநல்லூர்ப் பரம்பு, இரும்புக்காலத் தாழிப் புதைவிடமாகும். 1876-இல் ஜாகோர் அகழ்ந்தெடுத்த பொருள்கள் பெர்லினுக்குச் சென்றன. பின்னர் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கல, இரும்புப் பொருள்களும் 1915-இல் சென்னை அருங்காட்சியக அட்டவணையில் இடம்பெற்றன. மண்டையோடுகளோ 1930-இல் சுக்கர்மனால் தனியே ஆராயப்பட்டன.

இவ்வாறு இறந்தவரின் எலும்பும் அவருக்குப் படைத்த பொருளும் வெவ்வேறு ஆய்வுகளுக்கு உரியனவாகப் பிரிந்தமையால், எவருக்கு எது இடப்பட்டது என்பதை அறிதல் அரிதாயிற்று. நெற்றிப்பட்டத்தைச் சமூக ஏற்றத்தாழ்வின் சான்றாகக் கொள்வர். எனினும் அதற்குரியவரின் வயதும் பாலும் தெரியாதவிடத்து அம்முடிவு உறுதிபெறாது. 2004-இல் தொடங்கிய இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வில் நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அவற்றை ஆராயுங்கால், தனிப்பொருளை அன்றித் தாழியையே ஆய்வின் அடிப்படை அலகாகக் கொள்ளுதல் பொருந்தும்.