அல்கார்வே கடற்கரை: கோல்ஃப் விடுமுறையின் வரலாறு

போர்த்துகல் நாட்டின் தென்கோடியில் அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கி அமைந்த பகுதி அல்கார்வே. 'மேற்கு' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மணி நேரம் வெயில் காயும் இக்கடற்கரையில் இன்று சுமார் 40 கோல்ஃப் மைதானங்கள் உள்ளன. பிரிட்டன், அயர்லாந்து, ஜெர்மனி, சுவீடன் ஆகிய நாடுகளிலிருந்து ஆட்டக்காரர்கள் குழுக்களாக வருகிறார்கள். விமானச் சீட்டு, விடுதி அறை, ஆட்டம் தொடங்கும் நேரம் ஆகிய மூன்றையும் ஒரு மாலைப் பொழுதில் கைபேசியிலேயே முடித்துவிடலாம். ஆனால் 1965 வரை இங்கு 18 குழிகள் கொண்ட மைதானம் ஒன்றுகூட இல்லை.

சுற்றுலாக் கையேடுகள் வெயிலைத்தான் காரணமாகச் சொல்கின்றன. வெயில் எப்போதும் இருந்தது. விமான நிலையமும் ஒரு நெல்வயலும் சேர்ந்த பிறகுதான் அல்கார்வே கோல்ஃப் கடற்கரையாக மாறியது.

விமானம் வருவதற்கு முன்

பிரித்தானியர் தாம் சென்ற இடமெல்லாம் கோல்ஃபைக் கொண்டு சென்றனர். கல்கத்தாவில் 1829 இல் கோல்ஃப் கழகம் தொடங்கினர். பிரெஞ்சு நாட்டின் பிரனீசு மலையடிவாரத்தில் உள்ள போ நகரில் 1856 இல் தொடங்கப்பட்ட கழகமே ஐரோப்பியப் பெருநிலத்தில் முதலாவது. கொடைக்கானலில் 1895 இல் கழகம் உருவானது. வெயிலுக்கு அஞ்சி மலையேறியவர்களின் அடுத்த தலைமுறைகள், குளிருக்கு அஞ்சித் தெற்கு ஐரோப்பாவுக்கு இறங்கி வந்தன என்று சொல்லத் தோன்றுகிறது.

போர்த்துகலிலும் போர்ட் திராட்சை மது வணிகத்தில் இருந்த பிரித்தானியர் 1890 இலேயே வடக்கில் போர்ட்டோ நகர் அருகே கழகம் அமைத்துவிட்டனர். அல்கார்வே மேலும் 75 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. தலைநகர் லிஸ்பனிலிருந்து அல்கார்வேயின் முதன்மை நகரான ஃபாரோ சுமார் 280 கி.மீ. தொலைவில் உள்ளது, லிஸ்பனைவிட்டு நேரே தெற்கே வர அன்று முதலில் தேஜோ ஆற்றைப் படகில் கடக்க வேண்டியிருந்தது. மத்தி மீன் பிடித்தல், அதை டப்பாக்களில் அடைத்தல், அத்தி, வாதுமை ஆகியவையே இப்பகுதி மக்களின் பிழைப்பு. 1960களில் இளைஞர்களில் பலர் வேலை தேடிப் பிரான்சுக்குப் போனார்கள். பலர் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் 1961 இல் தொடங்கிய போருக்கு அனுப்பப்பட்டனர்.

சலாசாரின் சர்வாதிகார அரசு வெளிநாட்டுப் பழக்கவழக்கங்களை ஐயத்தோடு பார்த்த அரசு. ஆயினும் போருக்கு நடுவே அதற்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. 1965 ஜூலை 11 அன்று ஃபாரோ விமான நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் லிஸ்பனில் தேஜோ ஆற்றின் குறுக்கே தொங்கு பாலமும் வந்தது. லண்டனிலிருந்து ஃபாரோவுக்கு வான்வழிப் பயணம் இன்று மூன்று மணி நேரத்துக்குள் முடிகிறது.

நெல்வயலில் ஒரு மைதானம்

1934, 1937, 1948 ஆகிய ஆண்டுகளில் பிரித்தானிய ஓபன் பட்டத்தை வென்ற ஹென்றி காட்டன்தான் இக்கதையின் நடுநாயகர். போர்த்திமாவ் நகருக்கும் லாகோஸ் நகருக்கும் இடையே பெனினா என்னும் இடத்தில் மைதானம் அமைக்க அவரை அழைத்தனர். காட்டப்பட்ட நிலம் சமதளமான, நீர் தேங்கிய நெல்வயல். மேடு பள்ளமும் மணற்பாங்கும் தேடும் எந்த வடிவமைப்பாளரும் அப்படி ஒரு நிலத்தைத் தானாகத் தேர்ந்தெடுக்க மாட்டார்.

காட்டன் கண்ட வழி எளிமையானது. தண்ணீரை உறிஞ்சும் மரங்களை நட்டார். தைல மரம் உள்ளிட்ட மரங்களும் செடிகளுமாக அவர் நட்டவை 3 லட்சத்துக்கும் மேல் என்று கூறப்படுகிறது. தைல மரம் நிலத்தடி நீரைக் குடித்துவிடும் என்று நம் ஊர்களில் குறை சொல்கிறோம். காட்டனுக்கு வேண்டியிருந்தது அந்தக் குணம்தான். கால்வாய்களும் குளங்களும் வெட்டி எஞ்சிய நீரை ஒதுக்கினார். 1966 இல் பெனினா மைதானம் விடுதியோடு திறக்கப்பட்டது. காட்டன் அங்கேயே குடியேறிப் பயிற்சி அளித்தார். அவருடைய கோல்ஃப் பையைச் சுமந்தது பசிஃபிகோ என்ற கழுதை. 1987 இல் இறந்த அவர் அருகிலுள்ள மெஷில்யோய்ரா கிராந்தே ஊரில் அடக்கம் செய்யப்பட்டார்.

இதே 1966 இல் பிரித்தானிய அரசு தன் குடிமக்கள் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு எடுத்துச் செல்லும் பணத்தை 50 பவுண்டு எனக் கட்டுப்படுத்தியது. இக்கட்டுப்பாடு 1970 தொடக்கத்தில்தான் நீங்கியது. ஆகவே அன்று இங்கு வர நினைத்தவரின் திட்டமிடல் வரவு செலவுக் கணக்கிலேயே தொடங்கியது. பயணச் செலவையும் தங்கும் செலவையும் ஊரிலேயே முன்கூட்டிக் கட்டிவிடும் தொகுப்புச் சுற்றுலா அவர்களுக்குக் கைகொடுத்தது.

காலி அறைகளை நிரப்பிய ஆட்டம்

பெனினாவைத் தொடர்ந்து 1968 இல் வாலே தோ லோபோ மைதானத்தையும் காட்டனே அமைத்தார். 1969 இல் ஃபிராங்க் பெனிங்க் வடிவமைத்த மைதானம் விலமோரா நகரில் திறக்கப்பட்டது. போலந்தில் பிறந்து பிரேசிலில் வளர்ந்த ஆந்த்ரே ஜோர்டான் 1970களின் தொடக்கத்தில் கிந்தா தோ லாகோ குடியிருப்பை உருவாக்கினார். மைதானத்தைச் சுற்றி வீடுகளைக் கட்டி விற்கும் முறை இக்கடற்கரையில் வேரூன்றியது இவற்றால்தான். மைதானம் தனியே பெரிய லாபம் தரவேண்டியதில்லை. அதைப் பார்த்தபடி நிற்கும் வீட்டின் விலையில் லாபம் வந்துவிடும்.

விடுதிக்காரர்களின் கணக்கு வேறு. கடலில் குளிக்க வருபவர்கள் ஜூலை, ஆகஸ்டில் வந்து போய்விடுவார்கள். மற்ற மாதங்களில் அறைகள் காலி. வட ஐரோப்பாவிலோ குளிர்காலத்தில் மைதானங்கள் சேறாகும் அல்லது உறைந்துபோகும். அங்கே ஆட முடியாதவர் இங்கே வந்தால் இரண்டு சிக்கலும் ஒன்றாகத் தீரும். இதனால்தான் அல்கார்வேயில் கோல்ஃபின் உச்ச பருவம் பிப்ரவரி முதல் மே வரையும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் அமைந்தது. கடற்கரை விடுதிக்கு விலை குறைவான மாதத்தில் மைதானக் கட்டணம் கூடுதலாக இருப்பதைக் கண்டு முதன்முறை வருபவர் வியப்பதுண்டு.

1974 ஏப்ரலில் நடந்த கார்னேஷன் புரட்சி சர்வாதிகாரத்தை வீழ்த்தியது. அதன்பின் வந்த குழப்பமான மாதங்களில் முதலீட்டாளர்கள் விலகினர். ஜோர்டானும் காட்டனும் வெளியேறிப் பின்னர் திரும்பினர். 1986 இல் போர்த்துகல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. 1991 இல் குவாதியானா ஆற்றுப் பாலம் அல்கார்வேயை ஸ்பெயினோடு இணைத்தது. பின்னர் மலிவு விலை விமானங்கள் பெருகின. 2005 இல் விலமோராவில் உலகக் கோப்பைக் கோல்ஃப் போட்டி நடந்தபோது இப்பகுதி யாருக்கும் அறிமுகம் தேவைப்படாத ஒன்றாகியிருந்தது.

தண்ணீர்க் கணக்கு

நீர் மிகுந்த வயலை வற்றச் செய்து தொடங்கிய வரலாறு இன்று நீர்ப் பற்றாக்குறையில் வந்து நிற்கிறது. ஃபாரோவில் ஆண்டு மழையளவு சுமார் 500 மி.மீ.; சென்னை பெறுவதில் பாதிக்கும் குறைவு. அதுவும் பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரை பெய்துவிடும். புல்லுக்கு நீர் அதிகம் தேவைப்படும் கோடையில் வானம் வறண்டு கிடக்கும். அணைகளும் நிலத்தடி நீரும்தான் அப்போது துணை. அவற்றையே ஆரஞ்சுத் தோட்டங்களும், அண்மையில் பெருகிய அவகாடோ தோட்டங்களும், ஊர்களும் நம்பியுள்ளன.

2024 தொடக்கத்தில் வறட்சி கடுமையானபோது அரசு அல்கார்வேயில் வேளாண்மைக்கான நீரை 25 விழுக்காடும், சுற்றுலா உள்ளிட்ட நகர்ப்புறப் பயன்பாட்டுக்கான நீரை 15 விழுக்காடும் குறைக்க முடிவு செய்தது. உழவர்கள் எதிர்த்தனர். தோட்டம் காய்ந்துகொண்டிருக்க, பக்கத்து மைதானத்தில் நீர் தெளிப்பான் சுழல்வதைப் பார்ப்பவரின் கோபத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சுற்றுலாவை நம்பி வேலை பார்ப்போரும் அதே ஊர்க்காரர்கள்தான். ஒரு குடும்பத்திலேயே ஒருவர் தோட்டத்திலும் ஒருவர் விடுதியிலும் இருக்கக்கூடும். பின்னர் மழை பெய்ததால் கட்டுப்பாடு தளர்ந்தது. சில மைதானங்கள் சுத்திகரித்த கழிவுநீருக்கு மாறிவருகின்றன. அல்புஃபெய்ரா அருகே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கும் திட்டம் உள்ளது.

பயணம் திட்டமிடுவோர் இதையும் கணக்கில் கொள்வது நல்லது. 18 குழிகளை ஆடி முடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேலாகும். டிசம்பரில் பகல் ஒன்பதரை மணி நேரமே என்பதால் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் கடினம். பிற்பகல் தாமதமாகத் தொடங்குவோருக்குக் கட்டணம் குறைவு. ஆனால் இருட்டுவதற்குள் முடிக்க முடியுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். குழியைச் சுற்றிய புல்தரையில் துளையிட்டுக் காற்றோட்டம் தரும் பராமரிப்பு நாட்கள் எவை என்று மைதானத்தில் முன்பே கேட்டுவிடலாம். அந்த நாட்களில் பந்து சீராக உருளாது.

புல்லின் வகையும் மாறிவருகிறது. குறைந்த நீரில் வாழும் பெர்முடா புல்லைப் பல மைதானங்கள் விரித்துவருகின்றன. பெயர்தான் அயலானது, நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லே அது. மைதானங்களில் பெரும்பாலும் அதன் கலப்பினங்களைப் பயன்படுத்துகிறார்கள். வெப்பத்தில் தழைக்கும் அந்தப் புல் குளிரில் உறங்கிவிடும். எனவே ஜனவரியில் செல்பவர் படங்களில் கண்ட பச்சைக்குப் பதிலாக வைக்கோல் நிறத் தரையைக் காணலாம். வசந்தத்தில் அது மீண்டும் தளிர்க்கும்.