பாலாற்றுப் படங்களும் பதிப்புரிமையும்

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஏலகிரி அடிவாரத்திலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் வழியே ராணிப்பேட்டை வரை பரவிய தோல் தொழில் வட்டாரத்தின் தலையெழுத்தை மாற்றியது. தோல் ஆலைக் கழிவால் பாலாற்றுப் படுகையில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாகச் சொன்ன ஆய்வை அது எடுத்துக்காட்டியது; ஆலை ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. இந்தத் தீர்ப்பின் முழு வாசகத்தையும் எவரும் எங்கும் வெளியிடலாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவே அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் அதே ஆண்டில் ஒரு நாளிதழில் வந்த பாலாற்றுப் படத்துக்கு, எப்படிக் கணக்கிட்டாலும், குறைந்தது 2056 முடியும்வரை பதிப்புரிமை உண்டு. நடந்ததைச் சொல்லும் சொல் பொதுச்சொத்து, நடந்ததைக் காட்டும் படம் தனிச்சொத்து. இந்த இடைவெளியைத்தான் தமிழ் விக்கிப்பீடியா போன்ற கூட்டுக் கலைக்களஞ்சியங்கள், உரிமையாளர் அனுமதியின்றியே சில நோக்கங்களுக்கு எடுத்தாள விடும் நியாயப் பயன்பாடு என்ற ஏற்பாட்டைக் கொண்டு நிரப்பப் பார்த்தன. அந்த ஏற்பாடு தேவையானது. ஆனால் மறுபடி எடுக்கவே முடியாத படங்களுக்கு மட்டும் உரியது என்பது என் கருத்து.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான படக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகம் 2004இல் வந்தது. எவரும் எதற்கும் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற உரிமத்தில் உள்ள, அல்லது பதிப்புரிமை இல்லாத கோப்புகளை மட்டுமே அது ஏற்கும். பதிப்புரிமை உள்ள சுவரொட்டி, நூல் அட்டை, மறைந்தவரின் உருவப்படம் போன்றவற்றுக்கு அங்கே இடமில்லை. அவற்றை ஒவ்வொரு மொழி விக்கியும் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தொடக்க ஆண்டுகளில் இதில் கட்டுப்பாடு குறைவு. 2007 மார்ச் 23 அன்று விக்கிமீடியா அறக்கட்டளை நிறைவேற்றிய தீர்மானம்தான் கோட்டைக் கிழித்தது. கட்டற்ற உரிமம் இல்லாத படத்தை ஒரு விக்கி வைத்திருக்க வேண்டுமானால் அதற்கென எழுதப்பட்ட விதிவிலக்குக் கொள்கை வேண்டும். அது அமெரிக்கச் சட்டத்துக்கும், அந்த விக்கி பெரிதும் படிக்கப்படும் நாடுகளின் சட்டத்துக்கும் ஒத்துவர வேண்டும். உயிரோடு இருக்கும் ஒருவரின் படம்போல, யாராவது எடுத்துத் தரக்கூடிய எதற்கும் விதிவிலக்கு கூடாது. ஜெர்மன், ஸ்பானிய விக்கிகள் இந்த வாசலையே மூடிவைத்தன. தமிழ் விக்கி சிறிதளவு திறந்துவைத்தது. அப்படி ஏற்றப்படும் படத்தின் பக்கத்தில் எங்கிருந்து எடுத்தது, உரிமையாளர் யார், எந்தக் கட்டுரைக்கு, ஏன் வேறு படம் கிடைக்காது, அளவு எவ்வளவு குறைக்கப்பட்டது என்ற விவரங்களை நிரப்ப வேண்டும். இந்தக் கட்டங்களை ஒழுங்காக நிரப்பப் பார்த்தாலே பாதிப் படங்கள் தேவையற்றவை என்று தெரிந்துவிடும்.

சட்டம் இரண்டு விதமாக இருப்பது இதில் பெரிய சிக்கல். அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுச் சட்டம் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தைப் பாதிப்பு என நான்கு அளவுகோல்களை வைத்து எந்தப் பயன்பாட்டையும் எடைபோட விடுகிறது. இந்தியச் சட்டம் நோக்கங்களைப் பட்டியலிட்டுவிடுகிறது: சொந்தப் பயன்பாடும் ஆராய்ச்சியும், விமர்சனமும் மதிப்புரையும், நடப்புச் செய்தி. ஏலகிரியைப் பற்றிய கட்டுரையில் அங்குள்ள புங்கனூர் ஏரியின் படத்தை அழகுக்காக வைப்பது இந்த மூன்றில் எதிலும் சேராது. டெல்லிப் பல்கலைக்கழக நகலகத்துக்கு எதிராகப் பதிப்பாளர்கள் தொடுத்த வழக்கு 2016இல் தள்ளுபடியானதைக் காட்டி, கல்விக்கு எல்லாம் அனுமதி என்று சிலர் வாதிடுவார்கள். அந்தத் தீர்ப்பு, ஆசிரியரும் மாணவரும் பாடம் நடத்தும்போது செய்யும் நகலுக்கான தனி விதியைப் பற்றியது. உலகம் முழுவதும் திறந்திருக்கும் கலைக்களஞ்சியத்துக்கு அதை இழுத்துப் பொருத்துவது கடினம்.

காசுக்கு விற்காத ஒன்றில் படம் போட்டால் யாருக்கு என்ன நட்டம் என்ற கேள்வி இன்னும் வலுவானது. விக்கியின் எழுத்தை எவரும் எடுத்து, வேண்டுமானால் விற்கவும் செய்யலாம் என்பதுதான் அதன் உரிமம். ஆம்பூரில் ஒருவர் ஏலகிரிக் கட்டுரையை அச்சடித்துச் சுற்றுலாக் கையேடாக விற்றால் எழுத்துக்கு அனுமதி உண்டு, நடுவிலிருக்கும் இரவல் படத்துக்கு இல்லை. விக்கி நம்பிக்கையோடு கொடுத்த பொருள் அவருக்கு வழக்காகத் திரும்பக்கூடும். மேலும் அப்படிப்பட்ட படம் தேவையே இல்லை. ஏலகிரியின் கொண்டை ஊசி வளைவுகளும், புலவர்கள் வள்ளல்கள் பெயர் தாங்கிய பலகைகளும், ஏரியும் இன்றும் அங்கேயே இருக்கின்றன. கைப்பேசி உள்ள யாரும் எடுத்துத் தரலாம். 2011 நவம்பரில் தமிழ் விக்கி ஊடகப் போட்டியைத் தொடங்கியதும் இந்தக் கணக்கில்தான். தமிழர் வாழ்வையும் தொழில்களையும் பற்றிய படங்களைத் தாங்களே எடுத்துக் கட்டற்ற உரிமத்தில் தரும்படி கேட்டார்கள். சில மாதங்களில் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. இரவல் வாங்கி அடைக்க முடியாத பள்ளத்தைச் சொந்த உழைப்பு அடைத்தது.

இதை வைத்து நியாயப் பயன்பாட்டையே விட்டொழிக்க வேண்டும் என்று சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. பதிப்புரிமைக் கெடு முடிந்த படங்கள் மட்டும் போதும் என்றால் வரலாறு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். 1857-58இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் ராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் வேறு இடங்களையும் எடுத்தார். திருப்பத்தூர் வட்டம் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. ஒரு கம்பெனிப் படை அதிகாரி பார்த்த கோட்டைகளும் மலைகளும் இன்று எல்லாருக்கும் சொந்தம். ஆவாரம்பட்டைச் சாற்றுக் குழியில் முழங்கால்வரை இறங்கித் தோலைப் புரட்டிய தொழிலாளியும், கிணற்று நீர் நிறம் மாறிய உழவரும் இருக்கும் படங்கள் பூட்டிக் கிடக்கின்றன. குரோம் உப்பால் தோல் பதனிடும் முறை வந்தபின் அந்தக் குழிகள் பெரும்பாலும் போய்விட்டன. 1990களின் பாலாற்றை இனி யாராலும் படம் பிடிக்க முடியாது. வேலூர் பேரவையின் வழக்கைப் பற்றிய கட்டுரையில், ஆற்றின் நிலையை விவரிக்கும் பத்தியின் பக்கத்தில், அளவு குறைத்த ஒரே ஒரு படத்தை உரிமையாளர் பெயரோடு வைப்பதை எந்த நியாயவானும் திருட்டு என்று சொல்லமாட்டார். அங்கே படம் அலங்காரம் அல்ல, சான்று.

அதற்கும் முன்னால் செய்யவேண்டியது ஒன்று உண்டு. விக்கியர்கள் இதைப் போதிய அளவு செய்யவில்லை. இந்தியச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச்சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச்சொன்னவரே முதல் உரிமையாளர். ஆம்பூர், வாணியம்பாடி ஸ்டுடியோக்காரர்களைத் தோல் ஆலைக்காரர்கள் வரவழைத்து எடுத்த திறப்பு விழாப் படங்கள், எந்திரங்களின் படங்கள், தொழிலாளர்கள் வரிசையாக நிற்கும் குழுப் படங்கள் ஆகியவற்றின் உரிமை பெரும்பாலும் அந்தக் குடும்பங்களிடமே இருக்கும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, உரிமையைக் கைவிடும் படைப்பாளி பதிவாளருக்கு எழுதவேண்டும் என்றுகூட இல்லை, பொது அறிவிப்பே போதும். உரிமையைக் கைவிட மனமில்லாதவர்களும் கட்டற்ற உரிமம் தருவதாக விக்கிமீடியாவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் படம் பொதுவகத்துக்குப் போய்ச் சேரும். பத்திரிகை அலுவலகங்களிடமும் இதே கோரிக்கையை வைக்கலாம். கேட்டு, மறுப்பு வந்த பிறகு நியாயப் பயன்பாட்டுக் கட்டத்தில் “வேறு படம் கிடைக்கவில்லை” என்று எழுதினால் அது உண்மையாக இருக்கும்.