மார்பக அறுவையில் கீறலுக்கு இடம் தேர்ந்த வரலாறு: வீரகேரளம்புதூர் வட்டாரப் பெண்களை முன்வைத்து ஓர் ஆய்வு

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரித் துறையில் மார்பகச் சீரமைப்புக்கென ஒரு தனிப் பிரிவைத் தமிழக அரசு தொடங்கியது. மார்பகத்தில் செயற்கைப் பை வைப்பதும் அங்கே இலவசம் என்றதும் நாடெங்கும் விவாதம் கிளம்பியது. ஏழைக்கு மட்டும் அழகு மறுக்கப்பட வேண்டுமா என்று அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் தரப்பு கேட்டது. உயிர் காக்கும் சிகிச்சைக்குப் போக வேண்டிய பணம் இது என்று பொது சுகாதாரத் துறையில் உயர்பதவி வகித்தவர்களே எதிர்த்தார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆனால் பெண்ணின் உடம்பில் கத்தி எங்கே படும், அந்த இடத்தை யார், எதைக் கொண்டு முடிவு செய்கிறார்கள் என்பது பேச்சிலேயே வரவில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியின் வரலாற்றைத் தேடுகிறது.

பை வைக்க நான்கு வழிகள் உண்டு: மார்பகத்தின் அடி மடிப்பு, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் விளிம்பு, அக்குள், தொப்புள். நான்கும் ஒரே நாளில் தோன்றியவை அல்ல. தழும்பை மறைக்கும் ஆசையிலிருந்துதான் தேடல் தொடங்கியது என்றாலும், இடத்தை மாற்றி மாற்றி வைத்தது பெரும்பாலும் பைதான்; அறுவை மருத்துவரின் விருப்பம் இரண்டாம்பட்சம். இந்தச் செய்தியை மருத்துவ நூல்கள் அழுத்திச் சொல்வதில்லை.

பைக்கு முந்தைய கீறல்

மடிப்பு வழி, செயற்கைப் பையைவிட 80 ஆண்டு மூத்தது. 1882-இல் நியூயார்க்கைச் சேர்ந்த கெய்லார்டு தாமஸ், புற்றல்லாத மார்புக் கட்டிகளை எடுக்க மார்பகத்தின் முகப்பில் வெட்டாமல் அடிமடிப்பில் கீறினார். மார்பகத்தை மேலே தூக்கி, பின்புறமாகக் கட்டியை எடுத்துவிட்டுத் தைத்தார். தழும்பு மடிப்புக்குள் மறைந்தது. பெண்ணின் உருவம் கெடக் கூடாது என்ற அக்கறை கீறலின் இடத்தைத் தீர்மானித்த தொடக்கக் காலச் சான்று இது.

1895-இல் ஹைடல்பெர்க்கில் வின்சென்ஸ் செர்னி, கட்டி எடுத்ததால் குழிந்த மார்பகத்தை அதே பெண்ணின் உடம்பிலிருந்த கொழுப்புக் கட்டியால் நிரப்பினார். அடுத்து வந்தது பாரஃபின் மெழுகை ஊசியால் ஏற்றும் காலம். ஊசிக்குக் கீறல் தேவையில்லை. அதனாலேயே அது பரவியது. மெழுகு உள்ளே கட்டி கட்டியாக உறைந்து, தோலைப் புண்ணாக்கி, சிலருக்கு இரத்தக் குழாயை அடைத்தது. தழும்பே இல்லாத வழி என்று யாராவது சொன்னால் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க இந்த ஒரு அத்தியாயமே போதும்.

பை இடத்தைத் தேர்ந்த காலம்

1962-இல் ஹூஸ்டனில் தாமஸ் குரோனினும் ஃபிராங்க் ஜெரோவும் முதல் சிலிக்கோன் ஜெல் பையை வைத்தார்கள். நிரப்பி மூடிய பை; பின்பக்கம் மார்புச் சுவரில் ஒட்டிக்கொள்ள டேக்ரான் துணித் துண்டுகள் வேறு. அதைச் சிறிய துளை வழியாக நுழைக்க முடியாது. ஆகவே தாமஸின் பழைய மடிப்பே கைகொடுத்தது.

சில ஆண்டுகளில் பிரான்ஸில் ஆரியோன் உப்புநீர்ப் பையைக் கொண்டுவந்ததும் கணக்கு மாறியது. காலிப் பையைச் சுருட்டி உள்ளே தள்ளி, அங்கேயே நீர் ஏற்றிக்கொள்ளலாம். கீறல் சிறுத்தது, சிறுத்த கீறலை எங்கும் ஒளித்து வைக்கலாம். 1973-இல் கருவட்ட விளிம்பு வழியும், ஹேலர் எழுதிய அக்குள் வழியும் வெளிவந்தன. சிலிக்கோன் பை பற்றிய அச்சத்தால் 1992-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அழகுச் சிகிச்சைக்கு அதைத் தடுத்தது. அங்கே உப்புநீர்ப் பையே மிஞ்சியது. அடுத்த ஆண்டே ஜான்சனும் கிறிஸ்ட்டும் தொப்புள் வழியை அறிவித்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தொப்புளிலிருந்து தோலுக்கடியில் குழாய் செலுத்தி, பையை மார்புவரை கொண்டுபோகும் அந்த வித்தை நிரப்பிய ஜெல் பைக்கு உதவாது. 2006 நவம்பரில் ஜெல் பைக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. பின்னர் வந்த கெட்டி ஜெல் பைகளைப் பிதுக்கி நுழைப்பது கடினம். சுமார் 5 செ.மீ. நீளமாவது கீற வேண்டும். தொப்புள் வழி ஒதுங்கியது, மடிப்பு மீண்டும் முன்னுக்கு வந்தது.

கிருமி சொன்ன தீர்ப்பு

எந்தப் பையை வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி ஒரு தழும்புறை பின்னும். சிலருக்கு அந்த உறை இறுகி, மார்பகம் கல்லாகி வலிக்கும். மீண்டும் அறுவை செய்ய நேரும். தோலிலும் பால் நாளங்களிலும் குடியிருக்கும் சாதாரணப் பாக்டீரியா பையின் மேல் படலமாக ஒட்டிக்கொள்வது இதற்கு முக்கியக் காரணம் எனப் பல ஆய்வுகள் காட்டின. கருவட்ட வழி பால் நாளங்களை வெட்டிச் செல்கிறது; அக்குளோ வியர்வையும் கிருமியும் மிகுந்த இடம். ஸ்பியர் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் இறுக்கம் அக்குள் வழியில் 6.4 விழுக்காடு, கருவட்டத்தில் 2.4, மடிப்பில் 0.5. ஓர் ஆய்வின் எண்ணிக்கையை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். ஆயினும் கண்ணுக்குத் தெரியும் தழும்பைப் பற்றியே கவலைப்பட்டுவந்த துறையை இப்படிப்பட்ட எண்கள் உள்ளே பார்க்க வைத்தன.

நம் தோல், நம் உடுப்பு

மேலே கண்ட கணக்கெல்லாம் பெரும்பாலும் வெள்ளைத் தோலையும் கடற்கரை உடுப்பையும் மனத்தில் வைத்துப் போட்டவை. தென்காசி மாவட்டத்து வீரகேரளம்புதூர், சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துப் பெண்ணுக்குச் சில வரிகளைத் திருத்த வேண்டும்.

முதலாவது தோல். கருந்தோலில் தழும்பு தடித்து, வெட்டிய எல்லையையும் தாண்டி வளரும் கெலாய்டு அதிகம். மார்பும் தோளும் அதற்குப் பேர்போன இடங்கள். காது குத்திய இடமும், தோளில் பிசிஜி தடுப்பூசித் தழும்பும் புடைத்திருந்தால் அந்தப் பெண்ணிடம் கத்தி வைக்குமுன் மருத்துவர் நன்றாக யோசிக்க வேண்டும். எக்ஸ்-ரேயும் ஸ்கேனும் காட்டாததை அந்தத் தழும்பு காட்டிவிடும்.

இரண்டாவது உடுப்பும் வேலையும். சேலை, ஜாக்கெட்டுக்குள் மடிப்புத் தழும்பு தெரியாது. நாற்று நடுகிறவரும் தலைச்சுமை தூக்குகிறவரும் கையை ஓங்கி நீட்டுபவர்கள். அக்குள் தழும்பு அவர்களுக்கு இழுக்கும், உறுத்தும். நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றுகிற பெண்ணுக்கு மடிப்பிலும் தொல்லை இல்லாமலில்லை: பங்குனி, சித்திரை வெயிலில் வேர்த்து, உள்ளாடைப் பட்டை உரசும். ஆறும்வரை வேலைக்கு விடுப்பு வேண்டும். கூலி இழப்பையும் சேர்த்துத்தான் இலவசம் என்பதை எடைபோட வேண்டும்.

மூன்றாவது பிள்ளைப்பேறு. கருவட்டக் கீறல் நாளங்களையும், காம்புக்குப் போகும் நான்காம் விலா நரம்பின் கிளையையும் பாதிக்கக்கூடும். பாலூட்ட இருப்பவருக்கு அது தள்ளத்தக்கது. திருநங்கையருக்கு அந்த வழி வேறு காரணத்தால் பொருந்தாது: கருவட்டம் சிறியதாக இருப்பதால் பை நுழைவதே சிரமம். அவர்களுக்கும் மடிப்பே பெரும்பாலும் பொருந்தும். தட்டையான மார்பில் இயல்பான மடிப்பு இராது. புது மடிப்பு எங்கே விழும் என்று முன்கூட்டியே அளந்து குறிக்கத் தவறினால் தழும்பு மேலேறி வெளியே தெரியும்.

புற்றுநோயால் மார்பகம் எடுத்தவருக்கோ தேர்வு ஏறக்குறைய இல்லை. 1894-இல் ஹால்ஸ்டெட் எழுதிய பெரும் அறுவையும், 1915-இல் ஸ்டூவர்ட் சொன்ன குறுக்குக் கீறலும் புற்றை எடுக்கும் வசதிக்காக வகுத்தவை; தோலைக் காக்கும் 1991-க்குப் பிந்தைய முறைதான் சீரமைப்பையும் மனத்தில் வைத்தது. சீரமைப்பு மருத்துவர் அந்தத் தழும்பு வழியாகவே நுழைகிறார். முதல் அறுவைக்கு முன்பே புற்றை எடுக்கும் மருத்துவரும் அவரும் கூடிப் பேசினால் மட்டுமே இடத்தைப் பற்றிப் பேச இடமுண்டு.

தென்காசி 2019 நவம்பர் 22-இல் தனி மாவட்டம் ஆனது. ஆனாலும் ஸ்டான்லிக்குப் போக வேண்டுமானால் பொதிகை ரயிலில் 600 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அங்கே அறுவை செய்துகொண்டு திரும்பிய பெண்ணுக்கு ஆறாம் மாதம் மார்பு இறுகினால் அவர் முதலில் வந்து நிற்பது தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனையில். எனவே இந்த அறுவையைச் செய்யும் மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள்: நான்கு வழிகளின் நன்மை தீமைகளையும் தமிழில் அச்சிட்டு, கையெழுத்து வாங்குமுன் படித்துக் காட்டுங்கள், வீட்டுக்கு அனுப்பும்போது பையின் வகை, வரிசை எண், கீறிய இடம், பை மார்புத் தசைக்கு மேலா கீழா என்ற விவரங்களை ஒரே அட்டையில் எழுதி அந்தப் பெண்ணின் கையில் கொடுங்கள்.