எபிசோடு 37: எட்டுத் தட்டு சிக்கன் டின்னரும் ஒரு குட்டி எரிமலையும்

(ஒலி வடிவத்தில் இருந்து எழுத்துக்கு மாற்றி, கொஞ்சம் சுருக்கித் திருத்தியது)

இந்த எபிசோடு ஒரு மெயிலில் இருந்து ஆரம்பித்தது. எழுதியவரின் குடும்பத்துக்குச் சொந்தமாகத் தோப்பு இருக்கிறது. இரண்டு அறை கட்டி, ஊரில் இருந்து வருகிறவர்களைத் தங்க வைக்கலாம் என்று யோசிக்கிறார்கள். "முதல்ல நாலு பண்ணைய நேர்ல போய்ப் பாத்துட்டு வரலாம்னு இருக்கோம், எதைக் கவனிக்கணும்?" இதுதான் கேள்வி. நான் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து கோட் எழுதுற ஆளு. பிசினஸ் ஆலோசனை கேட்டால் என்னிடம் சரக்கு கிடையாது. ஆனால், அடுத்தவர் பண்ணையைப் போய்ப் பார்த்து ஐடியா எடுத்துட்டு வர்ற பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. அதைச் சொல்லலாம்.

இதை ஒரு தொழிலாகவே செய்த ஆள் ஆர்தர் யங். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. மனுஷன் சொந்தமா விவசாயம் பண்ணி நஷ்டப்பட்டவர். ஆனால் குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போய், யார் என்ன பயிர் வைக்கிறார்கள், கூலி எவ்வளவு, குத்தகை எவ்வளவு, எந்த எரு போடுகிறார்கள் என்று எழுதி எழுதிப் பெரிய பெயர் வாங்கிவிட்டார். 1768-இல் முதல் பயணப் புத்தகம். அப்புறம் வட இங்கிலாந்து, அயர்லாந்து. 1787 முதல் பிரான்ஸ், சரியாகப் புரட்சி வெடிக்கிற நேரத்தில் அங்கே இருந்திருக்கிறார். 1784-இல் விவசாயத்துக்காகவே ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். அதில் ரால்ஃப் ராபின்சன் என்ற புனைபெயரில் எழுதியவர் யார் தெரியுமா? இங்கிலாந்து ராஜா, மூன்றாம் ஜார்ஜ். ராஜாவே பேரை மாத்திக்கிட்டு உர விஷயம் எழுதியிருக்கார்!

யங் தேடினது விளைச்சலுக்கான ஐடியா. நம்ம மெயில்காரர் தேடுறது பார்வையாளருக்கான ஐடியா. இரண்டும் வேற வேற. இந்த இரண்டாவது வகைக்கு எனக்குத் தெரிந்து சிறந்த உதாரணம் கலிஃபோர்னியாவில் இருக்கிறது. பெயர் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம்.

வால்டர் நாட், அவர் மனைவி கார்டீலியா. 1911-இல் கல்யாணம். மொஹாவி பாலைவனத்தில் அரசு கொடுத்த 160 ஏக்கரில் குடியேறிப் பார்த்தார்கள். பாலைவனம் பாலைவனமாகவே இருந்தது. வயிற்றுப்பாட்டுக்கு வால்டர் பக்கத்தில் கேலிகோ என்ற பழைய வெள்ளிச் சுரங்க ஊரில் கூலி வேலைக்கும் போயிருக்கிறார். இந்தக் கேலிகோவை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும். அப்புறம் இன்னொரு இடத்தில் வாரத்துக்கு விவசாயம். கடைசியில் 1920-இல், லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தெற்கே புவெனா பார்க் என்ற ஊரில், சொந்தக்காரர் ஒருவரோடு கூட்டு சேர்ந்து 20 ஏக்கர் குத்தகைக்கு எடுத்தார்கள். பயிர் பெர்ரி.

நிலம் சுமாரானதுதான், ஆனால் அது இருந்த இடம் அருமை. நகரத்தில் இருந்து கடற்கரைக்குப் போகிற ரோட்டோரம். அமெரிக்காவில் சாதாரணக் குடும்பங்கள் கார் வாங்க ஆரம்பித்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குப் போகிறவன் வண்டியை நிறுத்தி ஒரு கூடை பெர்ரி வாங்கிக்கொண்டு போவான். ரோட்டோரக் கடையாகத்தான் ஆரம்பம். 1920-களின் கடைசியில் நிரந்தரமாக ஒரு கட்டடம் கட்டி, பழக்கடை, நாற்றுக்கடை, சின்னதா ஒரு டீ ரூம் என்று வைத்தார்கள்.

இங்கேதான் ஒரு பண்ணை விசிட் வருது. அமெரிக்க விவசாயத் துறையைச் சேர்ந்த ஜார்ஜ் டேரோ என்ற பழ விஞ்ஞானி நாட்டைத் தேடி வந்தார். ருடால்ஃப் பாய்சன் என்று ஒருவர் ஏதோ பெரிய, கருஞ்சிவப்பு பெர்ரி ஒன்றை உருவாக்கினாராம், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். நாட்டுக்குத் தெரியாது. இருந்தாலும் கூடச் சேர்ந்து தேடினார். பாய்சனோ அந்த முயற்சியை எப்போதோ கைவிட்டு, பண்ணையையும் விட்டுப் போயிருந்தார். பழைய இடத்துக்குப் போய்ப் பார்த்தால், களைக்கு நடுவே நோஞ்சானாகச் சில கொடிகள் மட்டும் உயிரோடு இருந்தன. அதைப் பெயர்த்துக் கொண்டுவந்து நாட் தன் நிலத்தில் நட்டுத் தேற்றினார். 1932-இல் விற்பனைக்கு வந்தது. பெயர் கேட்டவர்களிடம் தன் பெயரைச் சொல்லாமல் "பாய்சன்பெர்ரி" என்றார். எனக்கு இந்த ஆளைப் பிடித்துப்போன இடம் இதுதான். ஓப்பன் சோர்ஸ் உலகத்திலேயே அடுத்தவன் கோடை எடுத்துக்கிட்டு கிரெடிட் கொடுக்காதவங்க எத்தனை பேர்!

இந்தப் பழத்துக்கு ஒரு குணம் உண்டு. ரொம்ப மென்மை. பறித்துச் சில நாளில் சாறு கசிந்து கெட்டுவிடும். தூரத்துச் சந்தைக்கு அனுப்புவது கஷ்டம். வியாபாரியாகப் பார்த்தால் இது குறை. ஆனால் இதனாலேயே புதுப் பழம் வேண்டுமென்றால் பண்ணைக்கு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பண்ணையிலேயே அதை ஜாமாகவும் பையாகவும் மாற்றி விற்க வேண்டும். நாட் குடும்பம் இரண்டையும் செய்தது.

அப்புறம் 1934 ஜூன். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுப்பகுதி. வருமானத்துக்கு ஏதாவது செய்யணும் என்று கார்டீலியா எட்டுப் பேருக்கு சிக்கன் டின்னர் போட்டார். தட்டுகள் அவருடைய கல்யாணச் சீர்த் தட்டுகள். விலை 65 சென்ட். பொரித்த கோழி, மசித்த உருளைக்கிழங்கு, குழம்பு, சூடாக பிஸ்கட், கடைசியில் பெர்ரி பை. அவ்வளவுதான். சில வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயிரக்கணக்கில் டின்னர் போகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. மணிக்கணக்கில் வரிசை.

வரிசையை நாங்க க்யூ என்போம். க்யூ நீண்டால் எங்களுக்கு இரண்டு வழி: சர்வரைக் கூட்டு, இல்லை காத்திருக்கிறவனுக்குக் காத்திருப்பதே தெரியாமல் பண்ணு. நாட் சாப்பாட்டு அறையைப் பெரிதாக்கிக்கொண்டே இருந்தார். அது போதவில்லை. அதனால் வரிசையில் நிற்பவர்கள் வேடிக்கை பார்க்கட்டும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். பாறைத் தோட்டம். ஜார்ஜ் வாஷிங்டன் வீட்டுக் கணப்பு அடுப்பின் நகல். புகை கக்குகிற ஒரு குட்டி எரிமலை. பெர்ரி பண்ணைக்கும் எரிமலைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, ஒண்ணும் கிடையாது. வரிசை நீளம், அதான் சம்பந்தம்.

1940-இல் ஆரம்பித்ததுதான் பெரியது: கோஸ்ட் டவுன். கைவிடப்பட்ட மேற்கத்திய ஊர்களில் இருந்து பழைய கட்டடங்களை வாங்கிக் கொண்டுவந்து, கூடவே அதே மாதிரி புதிதாகவும் கட்டி, பண்ணைக்குள் ஒரு ஊரையே எழுப்பினார். இது மட்டும் எரிமலை மாதிரி இல்லை. வால்டரின் பாட்டி 1868-இல் மாட்டுவண்டிக் கூட்டத்தோடு கலிஃபோர்னியா வந்தவர். அந்தத் தலைமுறைக்கான மரியாதையாகத்தான் அவர் இதை நினைத்தார். 1951-இல் தான் கூலி வேலை பார்த்த கேலிகோவையே விலைக்கு வாங்கிச் சீரமைத்து, 1966-இல் மாவட்ட நிர்வாகத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். இதெல்லாம் நடந்தபோது பண்ணைக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. சாப்பாடும் ஜாமும்தான் வருமானம்.

சரி, நாட்ஸ் பண்ணையையும் ஒருத்தர் வந்து பார்த்துட்டுப் போனார். வால்ட் டிஸ்னி. 1950-களின் தொடக்கத்தில் தன் பூங்காவைத் திட்டமிடும்போது அவரும் அவர் ஆட்களும் பல பொழுதுபோக்கு இடங்களைப் போய் ஆராய்ந்தார்கள். நாட்ஸ் அதில் ஒன்று. 1955 ஜூலையில் டிஸ்னிலேண்ட் திறந்தது, அதே ஆரஞ்சு கவுண்ட்டியில், நாட்ஸில் இருந்து சுமார் 11 கிலோமீட்டரில், ஆரஞ்சுத் தோப்புகளை அழித்த 160 ஏக்கரில். நாட் தம்பதியைத் திறப்பு நிகழ்ச்சிக்கு அழைத்திருந்தார்கள். இனி நம்ம கதை முடிஞ்சுது என்று நினைத்துத் திரும்பி வந்தால், தங்கள் கார் நிறுத்துமிடம் நிரம்பி வழிந்ததாக ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, டிஸ்னிலேண்ட் வந்த பிறகு நாட்ஸுக்குக் கூட்டம் கூடியது, குறையவில்லை.

ஆனால் பண்ணை குறைந்தது. பெர்ரி இருந்த இடத்தில் கார் பார்க்கிங், ரயில், சுரங்க ரைடு. 1968-இல் சுற்றி வேலி போட்டு முதன்முறையாக நுழைவுக் கட்டணம், 25 சென்ட். கார்டீலியா 1974-இலும் வால்டர் 1981-இலும் இறந்தார்கள். ஜாம் பிசினஸ் 1995-இல் கொனாக்ராவுக்குப் போனது, 2008-இல் அங்கிருந்து ஸ்மக்கருக்கு. பூங்கா 1997-இல் சீடர் ஃபேர் கம்பெனிக்குப் போனது. இன்றைக்கும் பெயரில் "ஃபார்ம்" இருக்கிறது. சிக்கன் டின்னர் இருக்கிறது. வருஷா வருஷம் பாய்சன்பெர்ரி திருவிழாவும் உண்டு. பெர்ரி விவசாயம்தான் இல்லை.

இதை எல்லாரும் ஒரு வீழ்ச்சிக் கதையாகத்தான் சொல்வார்கள்: சுற்றுலாவுக்கு ஆசைப்பட்டு விவசாயத்தைத் தின்றுவிட்டார்கள் என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணம் ஒரே ஒரு எண். ஆரஞ்சு கவுண்ட்டியின் மக்கள்தொகை 1950-இல் சுமார் 2 லட்சத்து 16 ஆயிரம். 1960-இல் 7 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பத்தே வருஷம்! சுற்றுலா வாசனையே படாத, ஆரஞ்சு மட்டுமே போட்ட தோப்புகள் எல்லாம் வீட்டு மனைகளாகப் போயின. கவுண்ட்டியின் பெயரில் மட்டும்தான் ஆரஞ்சு மிச்சம். பக்கத்துத் தோப்புக்காரர் நிலத்தை விற்றுவிட்டுப் போனார், நாட் குடும்பம் இன்னொரு தலைமுறைக்கு மேல் அதே மண்ணில் தொழில் செய்தது. விவசாயத்தைக் காப்பாற்றவில்லை, சரி. குடும்பத்தைக் காப்பாற்றியது. இரண்டில் எது வேண்டும் என்பதை மெயில்காரர் வீட்டில் முதலில் பேசி முடிவு பண்ணட்டும், அப்புறம் பண்ணை பார்க்கக் கிளம்பலாம்.

இந்தக் கேள்விக்குச் சட்டத்தாலேயே பதில் எழுதிய நாடு ஒன்று உண்டு, இத்தாலி. போருக்குப் பிறகு கிராமங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. பழைய பண்ணை வீடுகள் சும்மா கிடந்தன. 1965-இல் அக்ரிடூரிஸ்ட் என்ற சங்கம் உருவானது. 1985 டிசம்பரில் நாடு முழுமைக்குமான முதல் அக்ரிடூரிஸ்மோ சட்டம், பிறகு 2006-இல் புதுச் சட்டம். சாரம் இதுதான்: விவசாயி மட்டுமே இதை நடத்தலாம், விவசாயம்தான் முதன்மையாக இருக்க வேண்டும். முதன்மை என்றால் எதை வைத்து? நான் வருமானம் என்றுதான் நினைத்தேன். இல்லை. உழைக்கிற நேரத்தை முக்கிய அளவுகோலாக வைத்துப் பிராந்திய அரசுகள் விதி எழுத வேண்டும் என்கிறது 2006 சட்டம். வயலில் எத்தனை மணி நேரம், விருந்தினருக்கு எத்தனை மணி நேரம். பத்து விருந்தினருக்கு மேல் போகாத சின்ன பண்ணை என்றால் கணக்கே கேட்பதில்லை, விவசாயம்தான் முதன்மை என்று எடுத்துக்கொள்வார்கள். பரிமாறுகிற சாப்பாட்டிலும் கணிசமான பங்கு சொந்த விளைச்சலாக இருக்க வேண்டும்.

நேரத்தை அளவாக வைத்தது கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கிறேன். ஒரு வருஷம் விளைச்சல் பொய்த்தால் வருமானக் கணக்கு தலைகீழாகிவிடும். நேரம் அப்படி ஆகாது. மழை இல்லாத வருஷமும் மாட்டைக் கவனித்துத்தானே ஆகணும். இந்தச் சட்டப்படி பார்த்தால் நாட்ஸ் எப்போதோ தகுதி இழந்திருக்கும். எரிமலை வைத்தபோதேவா, கோஸ்ட் டவுன் கட்டினபோதா என்பது மட்டும்தான் கேள்வி.

அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் வரவில்லை, பதிலாகப் பஸ் வந்தது. நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்கும் விவசாயிகளின் வட அமெரிக்கச் சங்கம் ஒன்று 1986-இல் உருவானது. அவர்களின் வருடாந்திர மாநாட்டில் பேச்சுகளைவிடப் பிரபலமானது பஸ் டூர்தான். விவசாயிகளைப் பஸ்ஸில் ஏற்றி, அந்த வட்டாரத்துப் பண்ணைகளுக்குக் கூட்டிப்போவார்கள். போட்டியாளருக்கு ஏன் தொழிலைத் திறந்து காட்டணும்னு தோணலாம். பண்ணைச் சுற்றுலாவில் வாடிக்கையாளர் பெரும்பாலும் காரில் வந்துபோகிற தூரத்துக்காரர்தான். நாலு மாநிலம் தள்ளி இருக்கிறவன் என் ஐடியாவை எடுத்துக்கொண்டால் எனக்கு ஒரு ஆள்கூடக் குறையப்போவதில்லை.

இப்படிப் பரவிய ஐடியாக்களில் எனக்குப் பிடித்தது மக்காச்சோள வயலில் வெட்டுகிற புதிர்ப்பாதை. 1993, பென்சில்வேனியாவில் ஆன்வில் என்ற ஊர். டான் ஃபிரான்ட்ஸ் என்பவர், ஏட்ரியன் ஃபிஷர் என்ற பிரிட்டிஷ் புதிர்ப்பாதை வடிவமைப்பாளரோடு சேர்ந்து, ஒரு கல்லூரிக்குப் பக்கத்து வயலில் டைனோசர் வடிவத்தில் பாதை வெட்டினார். அந்த வருஷம் மிசிசிப்பி வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு நிதி திரட்டவும் அது பயன்பட்டது. ஃபிரான்ட்ஸ் அதுக்கு முன்னாடி எங்க வேலை பார்த்தார் தெரியுமா? டிஸ்னியில். பண்ணையைப் பார்த்துப் பாடம் படித்த கம்பெனியில் இருந்து ஒருத்தர், நாற்பது வருஷம் கழித்துப் பண்ணைக்கே ஒரு ஐடியாவைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்.

மூணு வருஷத்தில் யூட்டாவில் ஒருவர் அதையே தொழிலாக்கி, மற்ற பண்ணைகளுக்கு வடிவமைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். இன்றைக்கு அமெரிக்காவில் இலையுதிர் காலம் வந்தால் எங்கு பார்த்தாலும் இது. பயிர் இளசாக இருக்கும்போதே பாதையை வெட்டிவிடுவார்கள். செப்டம்பர், அக்டோபரில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும்போது டிக்கெட். கூட்டம் முடிந்ததும் நிறையப் பண்ணைகளில் அறுவடை இயந்திரம் இறங்கும். மிச்சமிருக்கிற சோளம் தானியமாகவோ தீவனமாகவோ போகும். அடுத்த வருஷம் அதே வயலில் மறுபடி விதைப்பு, வேறொரு படம்.