தேர்வு அறியாத கை: அமெரிக்க அறுவைச் சிகிச்சை வாரியச் சான்று குறித்து ஓர் ஆய்வு

அமெரிக்காவில் மருத்துவம் செய்வதற்கான உரிமத்தை மாநில அரசு தருகிறது. அந்த உரிமம் துறை பார்ப்பதில்லை. அதை வைத்திருப்பவர் தோல் நோய்க்கு மருந்து எழுதலாம். சட்டம் தடுக்காத வரையில், வயிற்றைத் திறந்து குடலையும் வெட்டலாம். இன்னார் அறுவைச் சிகிச்சையில் முறையாகத் தேர்ந்தவர் என்று சொல்வது அரசு அன்று, அமெரிக்க அறுவைச் சிகிச்சை வாரியம் என்னும் தனியார் அமைப்பு. 1937இல் தொடங்கிய இலாப நோக்கற்ற அமைப்பு அது. அதன் சான்றைப் பெறுவது சட்டக் கட்டாயம் இல்லை. மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இணைந்த மருத்துவமனை, வாரியச் சான்று ஒன்றை மட்டுமே அளவுகோலாக்கி ஒருவருக்குப் பணி அனுமதி வழங்கக் கூடாது என்றுகூட நடுவண் அரசின் விதி இருக்கிறது. ஆயினும் மருத்துவமனைகளின் நியமனக் குழுக்களும் காப்பீட்டு நிறுவனங்களும் முதலில் கேட்பது இந்தச் சான்றைத்தான். சான்றில்லாத அறுவை மருத்துவர் தொழில் நடத்துவது கடினம்.

சான்று இரண்டு ஆதாரங்களின்மேல் நிற்கிறது. ஒன்று வாரியம் தானே நடத்தும் தேர்வுகள். மற்றொன்று பயிற்சியளித்தவரின் கையொப்பம். மக்கள் அறிந்ததும் ஆய்வாளர்கள் விவாதிப்பதும் பெரும்பாலும் முதலாவதைப் பற்றியே. ஆனால் தேர்வு சோதிப்பது அறிவையும் தீர்மானத்தையும். கையை அது பார்ப்பதே இல்லை. கைக்கான சாட்சி முழுவதும் கையொப்பத்தில் இருக்கிறது. அந்தச் சாட்சிக்குப் பின்னால் ஒரு காலத்தில் இருந்த நெடுங்காலக் கண்காணிப்பு மெலிந்துவிட்டது, கையொப்பம் மட்டும் பழைய மதிப்போடு நீடிக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் நடைமுறை. மருத்துவக் கல்லூரியை முடித்தவர் அங்கீகரிக்கப்பட்ட பொது அறுவைச் சிகிச்சைப் பயிற்சியில் ஐந்தாண்டு இருக்க வேண்டும். ஆண்டுக்கு 48 வாரம் முழுநேரப் பணி. சென்னையிலோ மதுரையிலோ எம்.எஸ். முடித்துப் பல ஆண்டு அறுவைச் சிகிச்சை செய்துவிட்டுச் செல்பவரும் பொதுவாக அங்கே பயிற்சி மருத்துவராக மீண்டும் தொடங்கியாக வேண்டும். ஐந்தாண்டுக்குள் குறைந்தது 850 அறுவைகள். அவற்றில் 200 இறுதியாண்டில், தலைமைப் பயிற்சி மருத்துவராக இருக்கையில். லேப்ராஸ்கோப்பி, எண்டோஸ்கோப்பி ஆகிய இரண்டுக்கும் தனித்தனியே அடிப்படைத் திறன் சோதனைகள் உண்டு. இவற்றில் கை அசைவு அளக்கப்படுகிறது என்பது உண்மை. ஆனால் அளக்கப்படுவது பயிற்சிப் பெட்டிக்குள் வளையங்களை இடம் மாற்றுவதும், துணித்துண்டை வட்டமாக வெட்டுவதும், முடிச்சிடுவதும், மாதிரிக் கருவியில் குழாயைச் செலுத்துவதும்தான். இரத்தம் கசியும் திசு அங்கே இல்லை. இவ்வளவும் முடிந்தபின் பயிற்சித் திட்ட இயக்குநர், இவர் தனித்து இயங்கத் தகுதியானவர் என்று சான்றளிக்கிறார். அதன்பின் கணினி வழி எழுத்துத் தேர்வு, அதில் தேறினால் வாய்மொழித் தேர்வு. பயிற்சி முடித்து ஏழாண்டுக்குள் இரண்டையும் கடக்காவிட்டால் தகுதி காலாவதியாகும்.

வாய்மொழித் தேர்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மூன்று அமர்வுகள், ஒவ்வொன்றும் அரைமணி நேரம், ஒவ்வொன்றிலும் இரு தேர்வாளர்கள். முன்பு ஏதாவது ஒரு நகரத்தின் விடுதி அறைகளில் நேருக்கு நேர் நடந்தது. 2020இன் பெருந்தொற்றைத் தொடர்ந்து இணையவழிக்கு மாறியது. நோயாளி அங்கே இல்லை. தேர்வாளர் வாயால் ஒரு நிலைமையை விவரிப்பார். பெருங்குடலின் ஒரு பகுதியை அகற்றித் தைத்த அறுபது வயதுக்காரர். ஐந்தாம் நாள் நாடித்துடிப்பு 120, இலேசான காய்ச்சல், வயிறு உப்பியிருக்கிறது. என்ன செய்வீர்கள்? தேர்வர் ஸ்கேன் கேட்டால், நோயாளியின் இரத்த அழுத்தம் இறங்குகிறது என்பார் தேர்வாளர். திறக்கிறேன் என்றால், தையல் பாதி பிரிந்து மலம் கசிந்து கிடக்கிறது என்பார். மீண்டும் தைப்பதா, குடலை வெளியே கொணர்ந்து வைப்பதா? தைக்கிறேன் என்பவரின் காரணத்தைக் கேட்பார். பாடநூலில் பத்துப் பக்கம் ஓடும் செய்தியை ஏழெட்டு நிமிடத்துக்குள் ஒருவர் முடிவுகளாக மாற்றிக்காட்ட வேண்டும். தயக்கம், பிடிவாதம், தன் தவறை உரிய நேரத்தில் உணராமை ஆகியவை இங்கே வெளிப்பட்டுவிடும். தீர்மானத்தைச் சோதிக்க இதைவிடச் சிறந்த வழி எதையும் மருத்துவக் கல்வி இன்றுவரை உருவாக்கவில்லை என்று நான் கருதுகிறேன். நம் நாட்டு எம்.எஸ். தேர்வில் உண்மையான நோயாளியைத் தொட்டுப் பரிசோதித்து விவரிக்கும் பகுதி இருக்கிறது. அது வேறொரு நற்பண்பு. ஆனால் அங்கேயும் இங்கேயும் தேர்வர் கத்தியைக் கையில் எடுப்பதில்லை.

வாரியத்தை உருவாக்கியவர்கள் தேர்வு கையைப் பார்ப்பதில்லை என்பதை அறியாதவர்கள் அல்லர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சில வாரக் குறும்பயிற்சியோடு அறுவை மருத்துவர் என்று பலகை மாட்டியவர்கள் ஏராளம். தேர்வு வாரியம் அமைப்பதில் முந்திக்கொண்டவர்கள் கண் மருத்துவர்கள். 1916இல் அவர்கள் நிறுவிய தேர்வு வாரியமே சிறப்புத்துறை வாரியங்களில் முதலாவது. அறுவை மருத்துவர்களோ 1913இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியைத் தோற்றுவித்தனர். அதன் உறுப்பினர் தகுதி போதிய கண்டிப்பற்றது என்ற குறை விரைவில் எழுந்தது. 1935இல் மாண்ட்ரியாலைச் சேர்ந்த எட்வர்ட் ஆர்ச்சிபால்ட், அமெரிக்க அறுவைச் சிகிச்சைச் சங்கத்தின் தலைவராக நிகழ்த்திய உரையில் உயர்தகுதித் தேர்வு ஒன்றின் தேவையை வலியுறுத்தினார். செயின்ட் லூயிஸின் எவார்ட்ஸ் கிரஹாம் முன்னின்று அதை நிறுவனமாக்கினார். வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

அந்தத் தலைமுறையின் மனத்தில் பயிற்சி என்றால் அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் வகுத்த முறை. 1889இல் தொடங்கி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவர் நடத்திய பயிற்சிக்குக் கால வரையறை கிடையாது. தகுதி வந்துவிட்டது என்று ஆசான் நினைக்கும்வரை மாணவர் அங்கேயே இருக்க வேண்டியதுதான். கீழே பலர் நுழைவர், மேலே ஒருவரே எஞ்சுவார். 33 ஆண்டுகளில் அவரிடம் தலைமைப் பயிற்சி மருத்துவராக உயர்ந்தவர்கள் 17 பேர் மட்டுமே. கொடுமையான முறை, ஐயமில்லை. பலருடைய இளமையை அது விழுங்கியது. ஆனால் அங்கே ஆசான் தன் மாணவரின் கையைப் பல ஆண்டு பார்த்திருந்தார். அவருடைய ஒரு சொல்லுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான மணி நேரப் பார்வை இருந்தது. தேர்வு கையைப் பார்க்கத் தேவையில்லை என்று நிறுவனர்கள் கருதியிருந்தால், அதற்கான நியாயம் இங்கேதான் இருந்தது.

தேர்வின் பக்கமும் ஒரு நீதி உண்டு. அதை மறைத்துவிட்டுக் கையைப் பற்றி மட்டும் பேசுவது முறையாகாது. வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் அறுவைத்துறைக்குத் தலைமை தாங்கிய சார்லஸ் ட்ரூ கறுப்பினத்தவர் என்பதால், அவருக்கு அந்நகரின் மருத்துவச் சங்கத்திலும் அதன் வழியாக அமெரிக்க மருத்துவச் சங்கத்திலும் இடம் கிடைக்கவில்லை. அறுவை மருத்துவர் கல்லூரியின் உறுப்பினர் தகுதி அவர் இறந்தபின், 1951இல்தான் வந்தது. வாரியமோ 1941இலேயே அவருக்குச் சான்றளித்துத் தேர்வாளராகவும் ஏற்றது. நெருங்கிப் பழகியவர்களின் பரிந்துரையை மட்டும் நம்பும் அமைப்பு, பழக மறுக்கப்பட்டவரை வெளியே நிறுத்திவிடும். ஆகவே நான் கேட்பது ஹால்ஸ்டெட் காலத்து ஆசான் சொல்லுக்குத் திரும்புவதை அன்று.

அந்தச் சொல் எப்படி மெலிந்தது? முதல் மாற்றம் பெரும்பாலோர் வரவேற்றது. பாஸ்டனில் அறுவை மருத்துவர் எட்வர்ட் சர்ச்சில் 1930களின் இறுதியில், நுழைவோர் அனைவரும் முடிக்கக்கூடிய பயிற்சி முறையை முன்வைத்தார். மனிதத்தன்மை மிக்க மாற்றம் அது. ஆனால் அதோடு, கை போதாதவரைப் பாதியில் நிறுத்தும் பழக்கமும் குறைந்தது. இன்றும் பொது அறுவைப் பயிற்சியில் சேர்வோரில் ஐவரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர் இடையில் விலகுகின்றனர். பெரும்பாலும் வாழ்க்கைமுறை காரணமாகவோ வேறு துறையை நாடியோ தாமே விலகுகின்றனர். அடுத்து 1996இல் நடைமுறைக்கு வந்த மெடிகேர் விதி: அறுவையின் முக்கியக் கட்டங்களில் ஆசிரிய மருத்துவர் உடனில்லாவிட்டால் அவர் கட்டணம் பெற முடியாது. நோயாளிக்குப் பாதுகாப்பு கூடியது. பயிற்சி மருத்துவர் தனியே நின்று முடிவெடுக்கும் தருணம் சுருங்கியது. 2003இல் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வரம்பு வந்தது. நான் அதை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். தூங்காத மருத்துவர் ஆபத்தானவர். ஆனால் ஆசான் கையைப் பார்க்கும் நேரமும் அதோடு சுருங்கியது. இவற்றோடு, ஒரே துறைக்குள் பல பிரிவுகள், மாதந்தோறும் மாறும் ஆசிரியர்கள். இயக்குநர் கையொப்பமிடும்போது தன் கண்ணால் கண்டதை எழுதுவது குறைவு. பலர் அனுப்பிய மதிப்பீட்டுப் படிவங்களின் சராசரியையே எழுதுகிறார்.

850 என்ற எண் இந்த இடைவெளியை நிரப்பும் என்று நினைக்கலாம். நிரப்பாது. அறுவைகளைப் பயிற்சி மருத்துவரே பதிவு செய்கிறார். தான் செய்தது எவ்வளவு, ஆசிரியர் கைபிடித்துச் செய்வித்தது எவ்வளவு என்பதை அந்த எண் காட்டாது. உயர்பயிற்சித் திட்ட இயக்குநர்களிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வு இங்கே கவனத்துக்குரியது. ஐந்தாண்டுப் பயிற்சியை முடித்து வந்தவர்களில் 30 விழுக்காட்டினரால் லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையைத் தனித்து அகற்ற இயலவில்லை என்றும், 66 விழுக்காட்டினரைப் பெரிய அறுவை ஒன்றில் மேற்பார்வையின்றி அரைமணி நேரம் விட முடியாது என்றும் அவர்கள் கருதினர். மூத்தவர்கள் இளையவர்களைக் குறைத்து மதிப்பிடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். இது கருத்தே ஒழிய அளவீடு அன்று. பாதியைத் தள்ளுபடி செய்தாலும் மிஞ்சுவது சிறிய எண் அன்று.

அளவீடும் உண்டு. அதே 2013இல் ஜான் பர்க்மையரும் உடனாய்வாளர்களும் மிச்சிகன் மாநிலத்தில் உடற்பருமனுக்கு அறுவை செய்யும் 20 மருத்துவர்களிடம் ஆளுக்கு ஒரு காணொளி பெற்றனர். யாருடைய கை என்று தெரியாத நிலையில் சக மருத்துவர்கள் அவற்றுக்கு மதிப்பெண் இட்டனர். மதிப்பெண்ணில் கடைசிக் கால்பங்கில் இருந்தவர்களின் நோயாளிகளில் 14.5 விழுக்காட்டினருக்குச் சிக்கல்கள் நேர்ந்திருந்தன. முதல் கால்பங்கினரிடம் 5.2 விழுக்காடு. இறப்பு 0.26 விழுக்காடும் 0.05 விழுக்காடும். ஓராண்டுக்குப் பிந்தைய எடைக்குறைப்பு போன்ற பயன்களில் இந்த வேறுபாடு தெரியவில்லை என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது; அதையும் சேர்த்தே படிக்க வேண்டும். எனினும் அறுவைக்குப் பின்வரும் முப்பது நாளில் உயிரோடு இருப்பது எந்த நோயாளிக்கும் முதன்மையான பயன். தொழிலில் நிலைபெற்றுவிட்டவர்களிடையே இவ்வளவு வேறுபாடு என்றால், சான்று பெற வருவோரிடம் அது இருக்காது என்று நம்ப ஏது காரணம்?

எதிர்வாதம் வலுவானது. வாரியத்தின் தரவுகளைக் கொண்டு 2020இல் வெளியான ஆய்வு 44,000க்கும் மேற்பட்ட அறுவை மருத்துவர்களைப் பின்தொடர்ந்தது. தேர்வுக்கு முயன்று சான்று பெறாதவர்கள்மீது கடுமையான உரிம நடவடிக்கை எடுக்கப்பட்ட வீதம், சான்று பெற்றவர்களைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகம். தேர்வு ஏதோ ஒன்றைச் சரியாகப் பிரித்தறிகிறது என்பதை இது ஐயமின்றிக் காட்டுகிறது. ஆனால் உரிம நடவடிக்கைக்குப் பெரும்பாலும் காரணமாவது ஒழுக்கக்கேடும் போதைப்பழக்கமும் கடமை தவறுதலும். நரம்பை ஒட்டிய கொழுப்பைப் பிரிக்கையில் விரல் நடுங்கியதற்காக யாருடைய உரிமமும் பறிபோவதில்லை.

வாரியம் இதை உணர்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளம், 2023 ஜூலையில் சேர்ந்தவர்களிடமிருந்து தொடங்கிய புதிய ஏற்பாடு. நம்பி ஒப்படைக்கக்கூடிய பணிகள் என 18 வகுக்கப்பட்டுள்ளன; குடலிறக்கம், பித்தப்பை நோய், குடல்வால் அழற்சி, விபத்துக் காயம் போன்றவை அவற்றில் அடங்கும். அன்றைய பணியைப் பார்த்த ஆசிரியர் அன்றே, நான்கு படிகளில் எதில் இவர் நிற்கிறார் என்று கைப்பேசியில் பதிகிறார். பார்த்தவரே, பார்த்த நாளிலேயே சாட்சி சொல்வது பழைய கையொப்பத்தைவிட எவ்வளவோ மேல். குறை ஒன்று: பார்ப்பவர் பயிற்சி மருத்துவருக்கு வேண்டியவர், நாளையும் அவரோடு பணிபுரிய வேண்டியவர். முகம் முறிக்க மனம் வராது. மிச்சிகன் ஆய்வைப்போல, இறுதியாண்டில் சில காணொளிகளையேனும் பெயரின்றி வெளித்தேர்வாளர்களுக்கு அனுப்பினால் இந்தக் குறை தீரும். லேப்ராஸ்கோப்பியிலும் ரோபோ அறுவையிலும் ஒளிப்பதிவு ஏற்கெனவே கருவிக்குள் இருக்கிறது; செலவு ஒரு தடையாகாது. பதிவு வழக்குகளில் சாட்சியமாகிவிடும் என்ற அச்சமே உண்மையான தடை. மருத்துவமனைகளின் உள்மதிப்பாய்வுக்கு மாநிலச் சட்டங்கள் தரும் பாதுகாப்பை வாரியத்துக்கும் நீட்டினால் அது நீங்கும்.

புதிய ஏற்பாட்டின் முதல் அணி 2028இல் பயிற்சியை முடிக்கும். அவர்களில் ஒருவருக்கு இயக்குநரின் கையொப்பம் இருந்து, அன்றாடப் பதிவுகள் அதற்கு மாறாக இருந்தால், வாரியம் அவரைத் தேர்வுக்கு அனுமதிக்குமா, திருப்பி அனுப்புமா? அத்தகைய விண்ணப்பங்களில் எத்தனை திருப்பப்பட்டன என்பதை வாரியம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.